சி.எம்.பி. – எச்.சி. பரீட்சை: விதியெல்லாம் தெரிந்தும் சூழ்நிலைக் கேள்வியில் மாட்டுகிறேன்

மூடுபனி_நுவரெலியா

வணக்கம் அண்ணாமாரே, அக்காமாரே. நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் கூட்டம், விருந்து புக்கிங் பார்க்கும் வேலை. கூட்டம் ஏற்பாடு செய்பவர்களுக்கான சி.எம்.பி. சான்றிதழ் ஏற்கனவே கையில் இருக்கிறது. இப்போது மருத்துவக் கூட்டங்களுக்கான எச்.சி. பிரிவுக்குப் படிக்கிறேன். இன்னும் எட்டு வாரம் இருக்கிறது.

கம்பனி டொக்டர்மாருக்குக் கொடுப்பதைப் பகிரங்கமாக அறிவிக்கச் சொல்லும் அமெரிக்கச் சன்ஷைன் சட்டம் எந்த ஆண்டு, அமெரிக்க மருந்துக் கம்பனிச் சங்கத்தின் ஒழுக்கக் கோவையான ஃபார்மா கோட் என்ன சொல்கிறது, ஏ.சி.சி.எம்.இ. என்றால் என்ன என்று நேராகக் கேட்டால் சொல்லிவிடுவேன். கதை மாதிரி நீளமாக வரும் கேள்வியில்தான் விழுகிறேன். மாதிரிக் கேள்விகளில் தவறவிட்ட நாலு இடம் இவை:

1. இரவு விருந்துக்கு 24 பேர் பதிவு, சாப்பிட்டது 20 பேர், அதில் 14 பேர் அமெரிக்க லைசன்ஸ் உள்ள டொக்டர்மார். தலைக்கு எவ்வளவு என்று எதால் வகுப்பது?

2. அங்கீகாரம் பெற்ற தொடர்கல்வி வகுப்பு முடிந்ததும் அதே ஹோலில் மருந்துக் கம்பனியின் லஞ்ச் சிம்போசியம். சரியா, பிழையா?

3. கம்பனி ஒரு நாடு, டொக்டர் இன்னொரு நாடு, கூட்டம் மூன்றாவது நாடு. எந்த விதியைப் பிடிப்பது?

4. 'ஆடம்பர இடம்' என்று ஒரு இடத்தை எப்படி முடிவு செய்வது? எங்கள் ஊரே விடுமுறை ஊர் என்பதால் இதில் குழப்பம் கூடுதல்.

பரீட்சையை வீட்டிலிருந்தே கெமரா முன்னால் எழுதலாமா என்றும் யோசிக்கிறேன். கரண்டை நம்பத்தான் பயம்.

---

கண்டி_டெஸ்க்

தங்கச்சி, நீங்கள் படிப்பது குறைவில்லை, படிக்கும் வரிசைதான் தலைகீழ். சட்டத்தில் தொடங்கி கூட்டத்துக்கு வருகிறீர்கள். கேள்வியோ கூட்டத்தில் தொடங்குகிறது. ஒவ்வொரு கதைக் கேள்வியிலும் விடைகளைப் பார்க்க முதல் நாலு விசயத்தை ஓரத்தில் எழுதுங்கள்: பணம் கொடுப்பது யார், வாங்குவது யார், இது என்ன வகைக் கூட்டம், வாங்குபவரின் லைசன்ஸ் எங்கே. நாலும் எழுதி முடிந்தால் நாலு விடையில் இரண்டு தானாக விழுந்துவிடும்.

இந்த நாலில் மூன்றாவதுக்கு, அதாவது என்ன வகைக் கூட்டம் என்பதற்குத்தான் கூட நேரம் கொடுக்க வேண்டும். 'மெடிக்கல் மீட்டிங்' என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதற்குள் ஐந்தாறு வகை கிடக்கிறது. கம்பனி தன் மருந்தைப் பற்றிப் பேச ஒரு டொக்டருக்குக் காசு கொடுத்து நடத்துவது ஸ்பீக்கர் புரோகிராம். கம்பனி டொக்டர்களிடம் ஆலோசனை கேட்பது அட்வைசரி போர்ட். மருந்துப் பரிசோதனை செய்யும் டொக்டர்களுக்கு நெறிமுறை சொல்லிக் கொடுப்பது இன்வெஸ்டிகேட்டர் மீட்டிங். கம்பனியின் கை படாமல் நடப்பது தொடர்கல்வி. சங்கம் நடத்தி, கம்பனி ஸ்டோல் போடுவது மாநாடு. ஒரே ஹோல், ஒரே சாப்பாடு, ஒரே டொக்டர். வகை மாறினால் விதி மாறும்.

அட்வைசரி போர்டில் வரும் பொறி ஒன்று. கேள்வியில் 40 டொக்டர்களை அழைத்திருப்பார்கள், தெரிவு செய்தது விற்பனைப் பிரிவு, கூட்டத்தில் பெரும்பகுதி கம்பனியின் ஸ்லைட். விடைகள் எல்லாம் சாப்பாட்டைப் பற்றியும் ஹோட்டலைப் பற்றியும் இருக்கும். பிரச்சினை அங்கே இல்லை. ஆலோசனை தேவை என்பதைக் கூட்டத்துக்கு முன்னரே எழுதி வைத்திருக்க வேண்டும், தேவைக்கு மேல் ஆள் சேர்க்கக் கூடாது, எழுத்து ஒப்பந்தமும் சந்தைப் பெறுமதிக் கட்டணமும் முதலே முடிவாகியிருக்க வேண்டும். இவை இல்லையென்றால் அது ஆலோசனை இல்லை, டொக்டருக்குக் காசு கொடுக்க ஒரு சாக்கு. அமெரிக்காவில் 1972இல் வந்த லஞ்ச எதிர்ப்புச் சட்டம் கை வைக்கும் இடம் அதுதான்.

இனி உங்கள் முதல் கணக்கு. மொத்த பில் 720 டொலர் என்று வைப்போம். சாப்பிட்ட 20 பேராலும் வகுக்க வேண்டும்: 36 டொலர். லைசன்ஸ் உள்ள 14 பேருக்கும் தலைக்கு 36 என்று எழுதுவார்கள், மொத்தம் 504. மிச்சம் 6 பேரின் 216 டொலரை யார் தலையிலும் எழுதுவதில்லை. 24ஆல் வகுத்தால் 30 வரும், 14ஆல் வகுத்தால் 51.43 வரும். இரண்டு எண்ணும் விடைப் பட்டியலில் கட்டாயம் இருக்கும், ஏனென்றால் எல்லோரும் விழும் குழி அவை இரண்டும்தான்.

பதிவு செய்து வராதவர் கணக்கில் இல்லை. வந்து உட்கார்ந்து, 'எனக்குச் சாப்பாடு வேண்டாம்' என்று வரவுத்தாளில் குறித்தவரும் கணக்கில் இல்லை. ஆகவே வரவுத்தாள் வெறும் கையெழுத்துத் தாளாக இருந்தால் போதாது. பெயர், பட்டம், லைசன்ஸ் எண், லைசன்ஸ் தந்த மாநிலம் அல்லது நாடு, சாப்பிட்டாரா இல்லையா என்ற கட்டம் ஆகிய ஐந்தும் வேண்டும். கடைசிக் கட்டம் இல்லாத தாளைக் காட்டி 'இதில் என்ன குறை' என்று கேட்பதும் உண்டு.

கூட்டம் கண்டியில் நடந்தால் அமெரிக்கச் சட்டம் இல்லை என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் வியாபாரம் செய்யும் கம்பனி, அமெரிக்க லைசன்ஸ் உள்ள டொக்டரை இங்கே கூட்டி வந்து சோறு போட்டாலும் அது சன்ஷைன் சட்டப்படி வெளியிடும் ஓப்பன் பேமென்ட்ஸ் பட்டியலில் ஏறும். பயணம், தங்குமிடம் என்ற வகையில் போகும் செலவுக்கு ஊரின் பெயரையும் எழுத வேண்டும். 'கண்டி, இலங்கை' என்று அந்த டொக்டரின் பெயருக்கு நேரே உலகமே பார்க்கலாம். அதே மேசையில் உட்கார்ந்த நம் ஊர் வைத்தியர், அமெரிக்க லைசன்ஸ் இல்லாதவரென்றால், வகுக்கும் எண்ணில் மட்டும் இருப்பார்.

---

பேராதனைப்_பாலம்

இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன். அதே ஹோலில் உடனே லஞ்ச் சிம்போசியம் என்றால் பிழை. டொக்டர்மாரின் தொடர்கல்விக்கு அங்கீகாரம் கொடுக்கும் அமெரிக்க அமைப்பான ஏ.சி.சி.எம்.இ.யின் தற்போதைய தரநிலைகள் 2020 டிசம்பரில் வெளிவந்து 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தவை. அதில் ஐந்தாவது தரநிலை சொல்வது: அங்கீகாரம் பெற்ற வகுப்புக்கு முன் 30 நிமிடமும் பின் 30 நிமிடமும், அதே இடத்தில் கம்பனியின் விளம்பரமோ ஸ்டோலோ, கம்பனி செல்வாக்கில் உருவான வகுப்போ இருக்கக் கூடாது. வகுப்பு 12.15க்கு முடிகிறது, சிம்போசியம் 12.30க்கு அதே ஹோலில் என்றால் விழுந்தது. 12.45க்கு என்றால் நேரம் சரி. பக்கத்து ஹோலில் 12.30க்கு என்றாலும் நேர விதி இடிக்காது. ஆனால் எது அங்கீகாரம் பெற்றது, எது கம்பனியினது என்பது பார்த்தவுடன் விளங்க வேண்டும். நிகழ்ச்சி நிரலில் இரண்டையும் ஒரே நிறத்தில் ஒன்றின் கீழ் ஒன்றாக அச்சடித்தால் அதுவே குறை.

இதை ஹோட்டல் பக்கம் இருந்து பாருங்கள், உங்களுக்கு லேசாக விளங்கும். 30 நிமிடம் என்பது பேச்சாளர் இறங்கும் நேரத்திலிருந்துதான். ஆனால் ஹோல் பையன்கள் கம்பனியின் புல்-அப் பேனரை 'எப்படியும் வைக்கத்தானே வேண்டும்' என்று கேள்வி நேரம் ஓடும்போதே உள்ளே கொண்டு வந்து ஓரத்தில் சாத்திவிடுவார்கள். மேசையில் வைத்த பேனாவில் மருந்தின் பெயர் இருக்கும். வகுப்பு ஓடும் லெப்டொப்பின் திரையில் அனுசரணையாளர் லோகோ கிடக்கும். விதி முறிவது பெரும்பாலும் இந்த மாதிரிச் சின்ன விசயத்தில்தான், கேள்வி போடுகிறவர்களும் அதைத்தான் கேட்பார்கள். ஆகவே ஹோல் கைமாறும் நேரத்தை ரன் ஷீட்டில் தனி வரியாக எழுதுங்கள்: வகுப்பு முடிவு 12.15, கம்பனிப் பொருள் உள்ளே வரலாம் 12.45, சிம்போசியம் 13.00.

மூன்றாவது தரநிலையிலும் நிறையக் கேள்வி. வகுப்பைத் திட்டமிடுபவர், பேசுபவர் என்று உள்ளடக்கத்தைத் தொடும் எல்லோரிடமும் கடந்த 24 மாதப் பணத் தொடர்பைக் கேட்க வேண்டும். வரிசை முக்கியம்: முதலில் கேட்டுச் சேகரிப்பது, கம்பனி ஊழியரோ உரிமையாளரோ என்றால் விலக்குவது, பொருத்தமான தொடர்பு எது என்று பிரிப்பது, அதன் பாதிப்பைக் குறைப்பது, பிறகுதான் கற்பவர்களுக்கு அறிவிப்பது. வகுப்பு தொடங்கும் முன் அறிவிக்க வேண்டும். 'தொடர்பு இருப்பதை அறிவித்துவிட்டார், ஆகவே பிரச்சினை இல்லை' என்று ஒரு விடை வரும். அது பொறி. அறிவித்தது மட்டும் போதாது, பாதிப்பைக் குறைக்க ஏதாவது செய்திருக்க வேண்டும். உதாரணமாக, பணத் தொடர்பில்லாத இன்னொருவர் ஸ்லைடை முன்கூட்டியே பார்த்துச் சரி சொல்வது. அறிவிப்பில் கம்பனியின் பெயர் எழுதலாம், லோகோ போடக் கூடாது.

பழைய நோட்ஸ் வைத்துப் படிப்பவர்கள் கவனம். மருந்து, கருவி விற்கும் கம்பனியை 'கொமர்ஷியல் இன்டரெஸ்ட்' என்று எழுதியிருந்தால் அது பழையது. இப்போதைய சொல் 'இன்எலிஜிபிள் கம்பனி'. பணத் தொடர்புக்கு 12 மாதம் என்று இருந்தாலும் பழையது. அந்த நோட்ஸைத் தூக்கி வைத்துவிடுங்கள்.

---

பதுளை_லைன்

மூன்றாவது, நாலாவது இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன்.

எந்த நாட்டு விதி என்ற கேள்விக்கு, சந்தேகம் வந்தால் கடுமையானதைப் பிடி என்று பலர் சொல்வார்கள். பாதிக்கு மேல் சரிதான். ஆனால் ஐரோப்பிய மருந்துக் கம்பனிகளின் கூட்டமைப்பான எஃப்பியாவின் கோட்டில் சாப்பாட்டு உச்சவரம்புக்கு மட்டும் தனி விதி உண்டு: கூட்டம் நடக்கும் நாட்டில் வைத்த தொகைதான் எடுபடும். டொக்டரின் நாட்டுத் தொகை இல்லை. மற்ற விசயங்களில் டொக்டர் தொழில் பார்க்கும் நாட்டின் கோட் பின்னாலேயே வரும். அமெரிக்க மாநிலச் சட்டங்களும் அந்த மாதிரித்தான். வெர்மொன்ட் மாநிலத்தில் தொழில் செய்யும் டொக்டர் சிக்காகோவுக்கு வந்தாலும் வெர்மொன்ட் சட்டத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் வருகிறார். அவருக்கு கம்பனி விருந்து கொடுக்க முடியாது என்றால், ஊர் மாறியதால் முடியும் என்று ஆகாது. மினசோட்டாவில் ஆண்டுக்கு 50 டொலர் வரம்பு 1993இலிருந்து இருக்கிறது.

வரி சேர்த்தா, சேர்க்காமலா என்பதும் நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டன் மருந்துக் கம்பனிச் சங்கமான ஏ.பி.பி.ஐ.யின் கோட்டில் ஒருவருக்கு 75 பவுண், வற் வரியும் டிப்ஸும் நீங்கலாக. அவுஸ்திரேலியாவின் மெடிசின்ஸ் அவுஸ்திரேலியா கோட்டில் 120 அவுஸ்திரேலிய டொலர், அங்கும் வரி, டிப்ஸ் நீங்கலாக. அமெரிக்க ஓப்பன் பேமென்ட்ஸில் அறிவிக்கும் தொகையில் வரி உள்ளே. இதை நம் பில்லில் போட்டுப் பாருங்கள். மெனுவில் தலைக்கு 6,000 ரூபா பிளஸ் பிளஸ் என்று இருக்கும். சேவைக் கட்டணம் 10 வீதம் சேர்த்தால் 6,600. அதன் மேல் 2024 ஜனவரியிலிருந்து உள்ள 18 வீத வற் போட்டால் 7,788. மற்ற வரிகள் ஏறினால் இன்னும் கூடும். கம்பனிக்கு 'தலைக்கு 6,000' என்று விலை சொல்லிவிட்டு 7,788க்கு பில் கொடுத்தால், உச்சவரம்பு 7,000 என்று வைத்திருந்த ஆளின் கழுத்தில் கத்தி. மருத்துவக் கூட்டத்துக்கு எல்லாம் சேர்ந்த விலையும் வரி நீங்கிய விலையும் இரண்டு நிரலில் கொடுப்பதுதான் சரியான பழக்கம்.

இந்தியக் கம்பனிகள் பற்றியும் தெரிந்து வையுங்கள், நம் மலைநாட்டுக்கு அங்கிருந்துதானே விசாரணை கூட வரும். 2024 மார்ச்சில் வந்த, மருந்துக் கம்பனிகளின் சந்தைப்படுத்தலுக்கான இந்திய யூ.சி.பி.எம்.பி. கோட், தொடர்கல்விக் கூட்டங்களை வெளிநாட்டில் நடத்தக் கூடாது என்கிறது. சென்னைக் கம்பனி 60 இந்திய டொக்டர்களை நுவரெலியாவுக்குக் கூட்டி வந்து 'தொடர்கல்வி' நடத்த ஹோல் கேட்டால், ஹோல் காலியாக இருக்கிறதா என்பது இரண்டாவது கேள்வி.

மருத்துவக் கருவிக் கம்பனி என்றால் வேறு கணக்கு. ஐரோப்பியக் கருவிக் கம்பனிச் சங்கமான மெட்டெக் யூரோப்பின் கோட்டின்படி 2018 ஜனவரி 1லிருந்து கம்பனி நேராக ஒரு டொக்டரின் பெயரைச் சொல்லி, மூன்றாம் தரப்பு மாநாட்டுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுக்க முடியாது. கல்வி மானியமாகச் சங்கத்துக்கோ வைத்தியசாலைக்கோ கொடுக்கலாம், யார் போவது என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். மருந்துக் கம்பனி விதியையும் கருவிக் கம்பனி விதியையும் மாற்றிப் போட்டு ஒரு கேள்வி கட்டாயம் எதிர்பாருங்கள். 'ஸ்டென்ட்' (இரத்தக் குழாயில் வைக்கும் கருவி) என்ற ஒரு சொல் மட்டும் கதையின் நடுவில் கிடக்கும், அதுதான் துப்பு.

இடம் பற்றி: ஊர் அழகாக இருப்பது குற்றமில்லை. ஆனால் அந்த இடம் பொழுதுபோக்குக்கோ ஆடம்பரத்துக்கோ பேர்போனது என்றால் கோட் ஒத்துக்கொள்ளாது. அதோடு, அங்கே நடத்தப் போக்குவரத்திலும் வசதியிலும் ஒரு நியாயம் இருக்க வேண்டும். கண்டி, பேராதனை வைத்தியசாலை டொக்டர்மாருக்கு இரண்டு மணி நேர வகுப்பு நடத்த, ஏ5 பாதையில் ரம்பொடை ஏறி நுவரெலியா வரை கிட்டத்தட்ட 77 கிலோமீட்டர் கூட்டி வருவதற்கு என்ன நியாயம் சொல்வீர்கள்? அதுவும் ஏப்ரல் சீசனில், மலர்க் கண்காட்சியும் குதிரைப் பந்தயமும் ஓடும் கிழமையில், கோல்ஃப் மைதானத்தைப் பார்த்த அறையில்? அதே கூட்டத்தை நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் வேலை செய்பவர்களுக்கு நவம்பரில் ஒரு பிற்பகல் நடத்தினால் அதே ஹோட்டலே சரியாகிவிடும். ஆகவே ஹோட்டலின் நட்சத்திரத்தை எண்ணாதீர்கள். யார் வருகிறார்கள், எங்கிருந்து, எந்தத் திகதியில், வகுப்பு நேரம் எவ்வளவு, ஓய்வு நேரம் எவ்வளவு என்று எண்ணுங்கள்.

---

மூடுபனி_நுவரெலியா

நன்றி, நன்றி. 36 டொலர் இப்போது விளங்கிவிட்டது. இன்னும் மூன்று: மாநாட்டில் எல்லோருக்கும் பொதுவாக வைத்த பஃபேயையும் இப்படி வகுத்து எழுத வேண்டுமா? டொக்டரின் மனைவி கூட வந்தால்? ஸ்பீக்கர் டின்னரில் வைன்?

---

கண்டி_டெஸ்க்

பஃபே: பெரிய மாநாட்டில் வருகிற எல்லோருக்கும் பொதுவாக வைத்த சாப்பாடு, தேநீர், சிற்றுண்டியை யார் எடுத்தார் என்று கண்டுபிடிப்பது கஷ்டம் என்பதால் ஓப்பன் பேமென்ட்ஸில் எழுதத் தேவையில்லை. அதே மாநாட்டின் மாலையில் கம்பனி 12 டொக்டர்களைப் பெயர் சொல்லித் தனி அறைக்கு அழைத்தால் அந்த விலக்கு இல்லை. சின்னத் தொகைக்கும் ஒரு வரம்பு உண்டு. சட்டத்தில் தொடக்கத்தில் ஒரு தடவைக்கு 10 டொலர், ஆண்டுக்கு 100 டொலர் என்று வைத்து, விலைவாசிக்கு ஏற்ப ஒவ்வொரு ஆண்டும் கூட்டுகிறார்கள். தனித்தனியாக வரம்புக்குக் கீழே இருந்தாலும் ஆண்டு மொத்தம் தாண்டினால் எல்லாம் உள்ளே வரும்.

மனைவி: கம்பனிச் செலவில் முடியாது. சர்வதேச மருந்துக் கம்பனிக் கூட்டமைப்பின் ஐ.எஃப்.பி.எம்.ஏ. கோட், ஃபார்மா கோட், எஃப்பியா எல்லாம் ஒரே குரல். 'சொந்தக் காசில் வருகிறார், ஆனால் விருந்து மேசையில் ஒரு கதிரை மட்டும்' என்று கேட்டாலும் இல்லை. அறை பில்லில் இரண்டாவது ஆளுக்கான தொகையைத் தனியாகப் பிரித்து, டொக்டரே செக்அவுட்டில் கட்ட வேண்டும். மாஸ்டர் பில்லில் கலந்து, பிறகு கழிப்போம் என்று விட்டால் கணக்கில் மறந்து போகும். அந்தச் சின்னத் தவறுதான் பிறகு தணிக்கையில் தலைகாட்டும்.

வைன்: 2020 நவம்பர் 16இல் அமெரிக்க சுகாதாரத் துறையின் கண்காணிப்பு அலுவலகமான ஓ.ஐ.ஜி., ஸ்பீக்கர் புரோகிராம் பற்றி விசேட மோசடி எச்சரிக்கை வெளியிட்டது. மதுபானம், வகுப்புக்குப் பொருந்தாத இடம், புதிதாக ஒன்றும் இல்லாத அதே தலைப்பு, அதே டொக்டர் மறுபடி மறுபடி வருவது, வேலைக்குத் தொடர்பில்லாத நண்பரும் குடும்பமும் வருவது, பேச்சாளரை விற்பனைப் பிரிவு தெரிவது, சந்தைப் பெறுமதிக்கு மேல் கட்டணம் என்று சந்தேக அடையாளங்களை வரிசைப்படுத்தியிருக்கிறது. அந்தப் பட்டியலை மனப்பாடமாக வையுங்கள், இதுதான் மனப்பாடம் உதவும் ஒரு இடம். அதன் பின் 2022 ஜனவரியிலிருந்து ஃபார்மா கோட், ஸ்பீக்கர் புரோகிராமில் கம்பனி மதுபானத்துக்குக் காசு கொடுக்கவே கூடாது என்று ஆக்கிவிட்டது. நமக்குப் போயா நாளில் இந்தக் கவலையே இல்லை, சட்டமே பூட்டிவிடும். மற்ற நாளில் விருந்து ஓடரிலேயே 'மதுபானம் இல்லை, அறை மினிபார் பூட்டு' என்று எழுதுங்கள். வாயால் சொன்னது இரவு ஷிப்ட்டுக்குப் போய்ச் சேராது.

---

ஹட்டன்_கணக்கு

எல்லோரும் விதியிலேயே நிற்கிறீர்கள். ஒப்பந்தம், பில், அறைக் கணக்கு என்று திட்டமிடல் பக்கமும் கேட்பார்கள். தங்கச்சிக்கு சி.எம்.பி.யில் படித்தது நினைவிருக்கும், ஆனாலும் ஒரு தடவை கையால் போட்டுப் பாருங்கள்.

50 அறை, 2 இரவு என்றால் 100 அறை இரவு. ஒப்பந்தத்தில் அட்ரிஷன், அதாவது குறைந்தது எடுத்தே ஆகவேண்டிய பங்கு, 80 வீதம் என்றால் 80 அறை இரவுக்குப் பொறுப்பு. எடுத்தது 68. குறை 12. அறைக்கு 32,000 ரூபா என்றால் 3,84,000 ரூபா தண்டம். 100இலிருந்து 68ஐக் கழித்து 32 என்று போடுவது வழக்கமான பிழை. மருத்துவக் கூட்டம் என்பதால் இங்கே ஒரு துணைக் கேள்வி ஒட்டிக்கொள்ளும்: இந்தத் தண்டம் எந்த டொக்டரின் பெயரில் எழுதப்படும்? ஒருவர் பெயரிலும் இல்லை. வராத டொக்டருக்கு எதுவும் போய்ச் சேரவில்லை, அது கம்பனியின் நட்டம்.

ஹோட்டலோடு போடும் ஒப்பந்தத்துக்கு ஒரு பின்னிணைப்பு வேண்டும். அதில் இருக்க வேண்டியவை: உணவு, அறை, ஏ.வி. (ஒலி, ஒளிக் கருவிகள்) மூன்றும் பிரிந்த பில். பில் எத்தனை நாளில் வரும் என்ற கெடு. டொக்டருக்கு இலவச அப்கிரேட், ஸ்பா கூப்பன், பழக்கூடை எதுவும் ஹோட்டல் தன் பாட்டில் கொடுக்கக் கூடாது. ஹோட்டல் தரும் வாடிக்கையாளர் புள்ளிகள் யார் கணக்கில் ஏறும். லொபிப் பலகையில் மருந்தின் பெயர் வரக் கூடாது. கடைசி விசயம் நம் நாட்டிலும் பொருந்தும். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ் மருந்து விளம்பரத்துக்கு அனுமதி வேண்டும். கல்யாண வீட்டுக்காரரும் சுற்றுலாப் பயணிகளும் நடந்து போகும் லொபியில் மருந்துப் பெயரோடு பேனர் நிறுத்தினால் அது பொதுமக்களுக்கான விளம்பரம். பலகையில் 'கூட்டம் – தளம் 2' என்று மட்டும் போடுங்கள்.

இதோடு பக்கவிளைவு அறிவித்தல். பதிவு மேசையில் உட்கார்ந்த பிள்ளையிடம் ஒருவர் 'உங்கள் மாத்திரை போட்டு எனக்குக் கால் வீங்கியது' என்று சொன்னால், விடை 'டொக்டரிடம் காட்டுங்கள்' இல்லை. கம்பனியின் மருந்துப் பாதுகாப்புப் பிரிவுக்கு ஒப்பந்தம் சொன்ன நேரத்துக்குள், பெரும்பாலும் 24 மணிக்குள், தகவல் போக வேண்டும். வெளி ஏஜென்சி ஆளுக்கும் அந்தக் கடமை ஒப்பந்தம் வழியாக வரும். பலர் இந்தப் பகுதியைப் படிப்பதே இல்லை.

தரவுப் பாதுகாப்பையும் விடாதீர்கள். ஐரோப்பிய ஜி.டி.பி.ஆர். 2018 மே 25 முதல், அமெரிக்க ஹிபா 1996ஆம் ஆண்டுச் சட்டம், நம் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம். நோயாளியின் எக்ஸ்ரே படத்தின் மூலையில் பெயரும் திகதியும் தெரிகிற ஸ்லைட் ஒரு பிடித்தமான கேள்வி. படத்தை மட்டும் பார்த்து 'முகம் தெரியவில்லை, சரி' என்று தாண்டிவிடுவார்கள்.

எட்டு வாரத்தைப் பங்கு போடுவது என்றால்: முதல் கிழமை முழுக்கக் கூட்ட வகைகள் மட்டும். அதற்கே ஒரு கிழமையா என்று கேட்காதீர்கள், மற்றதெல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது. அடுத்த இரண்டு கிழமை அமெரிக்கச் சட்டமும் கோட்களும், பிறகு ஒன்று தொடர்கல்விக்கு, ஒன்று மற்ற நாடுகளுக்கு, ஒன்று ஒப்பந்தமும் கணக்கும். கடைசி இரண்டும் கதைக் கேள்விகள் மட்டும், நேரம் வைத்து. தவறிய கேள்விக்குச் சரியான விடையை எழுதாதீர்கள். மற்ற மூன்று விடையும் ஏன் பிழை என்று ஒவ்வொரு வரி எழுதுங்கள். 'முதலில் செய்ய வேண்டியது எது' என்ற கேள்வியில் நாலு விடையும் நல்ல காரியமாகவே இருக்கும், வரிசைதான் கேள்வி. கட்டணமும் விண்ணப்பக் கெடுவும் ஆண்டுக்கு ஆண்டு மாறும், அதை ஈவென்ட்ஸ் இண்டஸ்ட்ரி கவுன்சிலின் நடப்புக் கைநூலில் மட்டும் பாருங்கள். 2017க்கு முன் அச்சான நோட்ஸில் கன்வென்ஷன் இண்டஸ்ட்ரி கவுன்சில் என்று இருக்கும், அதே அமைப்புத்தான்.

---

பேராதனைப்_பாலம்

வீட்டிலிருந்து எழுதுவது பற்றி யாரும் சொல்லவில்லை. கரண்ட் போனால் ரவுட்டர் உடனே செத்துவிடும், லெப்டொப் உயிரோடு இருந்தும் பிரயோசனம் இல்லை. ரவுட்டருக்குச் சின்ன டி.சி. யூ.பி.எஸ். ஒன்று போடுங்கள். வேறு கம்பனி சிம் உள்ள டொங்கிள் ஒன்றைப் பக்கத்து அறையில் தயாராக வையுங்கள், மேசையில் வைக்க விடமாட்டார்கள். ஜூன், ஜூலை மழையில் நுவரெலியாப் பக்கம் திகதி எடுக்காமல் இருந்தால் நல்லது. எடுத்தே ஆகவேண்டும் என்றால் கண்டியில் உறவுக்காரர் வீட்டில் ஒரு அறை. மேசை வெறுமையாக, சுவரில் நோட்ஸ் ஒட்டாமல், இரண்டாவது மொனிட்டர் கழற்றி இருக்க வேண்டும். கெமராவைச் சுற்றிக் காட்டச் சொல்வார்கள். ஒஃபிஸ் லெப்டொப்பில் எழுத வேண்டாம், கம்பனி போட்ட பாதுகாப்பு சொஃப்ட்வெயார் பரீட்சை மென்பொருளைத் தடுக்கும். மூன்று நாளைக்கு முன் அதே அறையில், அதே நேரத்தில் சிஸ்டம் செக் ஓட்டிப் பாருங்கள்.

பெயர் விசயத்தை இன்றே பாருங்கள். நம் ஆட்கள் பலர் எல்லா இடத்திலும் அப்பா பெயரின் முதல் எழுத்தோடு பதிகிறோம். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும். பரீட்சைப் பதிவில் 'க. செல்வி' மாதிரியும் பாஸ்போர்ட்டில் முழுப் பெயரும் இருந்தால், அன்று காலை அடையாளம் பார்க்கிறவர் உள்ளே விடமாட்டார், கட்டிய காசும் போய்விடும். பெயர் திருத்தத்துக்கு ஈமெயில் அனுப்பிப் பதில் வரச் சில நாள் எடுக்கும். அமெரிக்க அலுவலகம் திறக்கும்போது நமக்கு இரவாகிவிடும்.

---

மூடுபனி_நுவரெலியா

பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். பதிவில் முதல் எழுத்துத்தான் போட்டிருக்கிறேன். இப்போதே ஈமெயில் அனுப்புகிறேன்.